கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன்: தேதி குறிக்கும் முன் குடத்துக்கு ஆள் பாருங்கள்

கர்ப்பப்பை கீழே சரிந்து வருவதை எங்கள் தெருவில் "அடி இறங்குது" என்பார்கள். அதையும் சமையல்கட்டுக்குள், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். என் மாமியார் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடியில் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் நாற்று நட்டவர்கள். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான் தாயி" என்று எனக்கும் அந்தத் துணியைக் கட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு வருஷம் கட்டினேன்.

எனக்கு மூன்றும் சுகப்பிரசவம். கடைசிப் பிள்ளை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு; வலி எடுத்து ஒன்றரை நாள் கழித்துத்தான் பிறந்தான். நாற்பதாம் நாள் குடம் எடுத்துவிட்டேன். வேலை அங்கன்வாடியில். சத்துமாவு மூட்டை வந்து இறங்கினால் நானும் உதவியாளரும்தான் இழுத்து உள்ளே அடுக்குவோம். அடைமழைக் காலம் முழுக்க ஆஸ்துமா இருமல் வேறு. மாதவிடாய் நின்றபின் உள்சதை தளரும். இத்தனையும் சேர்ந்துதான் இறக்கியிருக்கிறது என்று டாக்டரம்மா ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னபோதுதான் எனக்கே புரிந்தது. 2023 பிப்ரவரியில், 57 வயதில், தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்துகொண்டேன். அதன் பிறகு எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பதினோரு பேருக்குத் துணையாக ஆஸ்பத்திரி போய்வந்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களிடம் சொல்லிக்கொண்டு போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆபரேஷன் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம் வருகிற மூன்று மாதம்தான் நம் பாடு. உள்ளே போட்ட தையல் பிடிப்பதும் விடுவதும் அந்த மூன்று மாதத்தில்தான். அதனால் தேதி கேட்பதற்கு முன்னால், வீட்டுக்குத் தண்ணீர் யார் தூக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

கூசாமல் காட்டுங்கள்

குளிக்கும்போது எலுமிச்சம்பழம் மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டதுதான் எனக்கு முதல் அறிகுறி. காலையில் இருக்காது, சாயங்காலம் அடிவயிறு கனத்து, இடுப்பு கடுத்து, அது வெளியே வந்து நிற்கும். படுத்தால் உள்ளே போய்விடும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் "வெள்ளைப்படுது, இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொன்னேன். படுக்கவைத்துப் பார்க்காமலேயே இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். நானும் காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. நீங்கள் அப்படி விடாதீர்கள். "கீழே சதை வெளிய வருது, பாருங்க" என்று அந்த வார்த்தையாலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஓ.பி. காலையில்தான் இருக்கும். இரவெல்லாம் படுத்து எழுந்து போனால் அது உள்ளே ஏறிப்போயிருக்கும். மல்லாந்து படுத்தாலும் தெரியாமல் போகலாம். "முக்கிக் காட்டட்டுமா, குத்தவச்சுக் காட்டட்டுமா" என்று நீங்களே கேளுங்கள். இருமச் சொல்வார்கள், முக்கச் சொல்வார்கள். அப்போது கொஞ்சம் மூத்திரம் சிந்தினாலும் வெட்கப்பட வேண்டாம், அது சிந்துகிறதா என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் கடைசிவரை ஒளித்துவைத்த விஷயம் ஒன்று உண்டு. மூத்திரம் போக உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சதையை விரலால் மேலே தள்ளிப் பிடித்தால்தான் முழுசாகப் போகும். இதைச் சொன்னதும் டாக்டரம்மா, "அப்ப மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கும்மா" என்றார்கள். கர்ப்பப்பை மட்டும் தனியாக இறங்குவது குறைவு. முன்பக்கம் மூத்திரப்பை, பின்பக்கம் மலக்குடல் இரண்டும் அதோடு சரிந்து வரும். மலம் போகும்போது உள்ளே விரலால் அழுத்த வேண்டியிருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். பிறப்புறுப்பின் எந்தச் சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்பது நீங்கள் சொல்வதிலிருந்துதான் தெரியும்.

எல்லாருக்கும் ஆபரேஷன் என்று இல்லை. முதல் டிகிரி என்றால் இறக்கம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, இரண்டாவது வாசல் வரை, மூன்றாவது வெளியே. முதல் டிகிரியில் இருப்பவர்களுக்குப் பயிற்சியும், மலச்சிக்கலையும் இருமலையும் கட்டுப்படுத்துவதுமே பெரும்பாலும் போதும். இதய நோய் உள்ளவர்கள், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கு சிலிகான் வளையம் ஒன்று உள்ளே வைப்பார்கள். பெஸ்ஸரி என்று பெயர். வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. டாக்டர் சொன்ன கணக்கில் போய் எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பெரிய நாத்தனாருக்கு 78 வயது. வளையத்தோடு இரண்டு வருஷமாகத் தேர்த்திருவிழாவுக்கு நடந்து போய் வருகிறார்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "இறங்கின சதை உரசியிருக்கும்" என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். புற்றுநோய் இல்லை என்று பார்த்து உறுதிப்படுத்தத்தான் வேண்டும்.

என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டு வையுங்கள்

எனக்குச் செய்தது, கீழ்வழியாகவே, அதாவது பிறப்புறுப்பு வழியாகவே, கர்ப்பப்பையை எடுத்துவிட்டு முன்சுவரையும் பின்சுவரையும் இறுக்கித் தைக்கிற ஆபரேஷன். வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நம் பக்கம் வயதான பெண்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தப்பு கர்ப்பப்பையின் மேல் இல்லை. அதைத் தாங்குகிற நார்களும் அடித்தசையும் தளர்ந்ததுதான் நோய். கொட்டகையில் கயிறு தளர்ந்தால் கீற்றை மட்டும் உருவிப் போட்டு என்ன பயன்? கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, அந்த வழியின் மேல்முனையை உறுதியான இடத்தில் இழுத்துக் கட்டாமல் விட்டால், சில காலம் கழித்து வெறும் சுவரே பை மாதிரி கீழே இறங்கும். அதனால், "மேல எதோட சேர்த்துக் கட்டுவீங்க டாக்டர்?" என்று கேளுங்கள். இதைக் கேட்டதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொண்டதில்லை. என்னோடு வந்த ஒருத்திக்கு டாக்டர் தாளில் படம் வரைந்தே காட்டினார்.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. சினைப்பைகளை எடுப்பார்களா, விடுவார்களா? மூத்திரம் சிந்துவது ஆபரேஷனுக்குப் பின் நிற்குமா? ஏனென்றால், இறங்கிய பை மூத்திரக் குழாயை மடக்கி அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தூக்கித் தைத்த பிறகு, முன்பு இல்லாத சிந்தல் புதிதாகத் தெரியவரலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு "ஆபரேஷன் கெட்டுப்போச்சு" என்று அழ வேண்டியதில்லை.

வயது முப்பது, முப்பத்தைந்துதான் என்றால் கர்ப்பப்பையை எடுக்காமலேயே தூக்கிக் கட்டுகிற முறைகள் இருக்கின்றன. ஷிரோத்கர், புரந்தரே என்று பம்பாய் டாக்டர்களின் பெயரிலேயே அவை இன்றும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் வழங்குகின்றன. ரொம்பவும் வயதானவர்களுக்கு, இனி தாம்பத்தியம் வேண்டாம் என்று உறுதியாக இருந்தால், வழியையே மூடித் தைத்துவிடுகிற சின்ன ஆபரேஷனும் உண்டு. அது திரும்பத் திறக்க முடியாத முடிவு. மருமகளோ மகனோ அல்ல, அந்த அம்மாவே வாய்திறந்து சரி என்று சொல்ல வேண்டும். கீழ்வழியாக மெஷ் என்கிற செயற்கை வலை வைத்துத் தைக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நிறையக் கேள்வி கேளுங்கள். இறக்கத்துக்காக அப்படி வைக்கிற வலையை 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விற்பனையிலிருந்தே நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வலை வைப்பது வேறு, அது இன்றும் நடக்கிறது.

தேதி வரும்வரை

என்னை முதல் தடவை பார்த்த அன்றே தேதி கொடுக்கவில்லை. வெளியே தொங்கிய சதை புடவையிலும் துணியிலும் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. புண்ணோடு தைத்தால் சீழ் பிடிக்கும், தையல் நிற்காது. அக்ரிஃபிளேவின் கிளிசரின் என்று ஒரு மருந்து. மஞ்சள் கிழங்கை விட அழுத்தமான ஆரஞ்சு மஞ்சள். சிஸ்டர் நீளமான துணிப்பட்டையை அதில் நனைத்து, சதையை மெதுவாக உள்ளே தள்ளி, மடித்து மடித்து உள்ளே வைத்தார்கள். மறுநாள் எடுத்துவிட்டுப் புதிது. பத்து நாள். என் உள்பாவாடை, பெட்ஷீட், பாத்ரூம் வாளி எல்லாம் மஞ்சள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அடியில் கனம் இல்லாமல் நடந்தது அந்தப் பத்து நாளில்தான். அந்தப் பட்டை மேலே தாங்கிப் பிடித்திருந்தது. இப்படியும் இருக்க முடியுமா என்று வராந்தாவில் இரண்டு தடவை நடந்து பார்த்தேன். கூடவே ஈஸ்ட்ரோஜன் களிம்பும் கொடுத்தார்கள்; மெலிந்துபோன தோல் அதில் திடமாகும்.

ரத்தம், சர்க்கரை, மூத்திரம், ஈ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். ரத்தம் குறைவாக இருந்தால் தேதி தள்ளும். முதல் நாளிலிருந்தே இரும்புச்சத்து மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது, சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அன்று காலை போடலாமா என்பதெல்லாம் மயக்க டாக்டர் சொல்வதுதான். மாத்திரை அட்டையையே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள்.

இருமலையும் மலச்சிக்கலையும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே அடக்க வேண்டும். இது பலர் விட்டுவிடுகிற இடம். ஒரு இருமல் அடிவயிற்றில் என்ன பாரம் கொடுக்கும் என்று நீங்களே கைவைத்துப் பாருங்கள். எனக்கு நெஞ்சு டாக்டர் இன்ஹேலர் மாற்றிக் கொடுத்து, இருமல் அடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் இதுதான் விடுகிற நேரம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆதார், ரேஷன் கார்டு இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உள்ள திட்ட கவுன்டரில் முதலில் விசாரியுங்கள். உங்கள் ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்தில் வரும் என்று அங்கே சொல்வார்கள். 104க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

இப்போது குடத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் என்றால் சுமார் 15 கிலோ. சமையல் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பு எடையும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் வரை இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு சின்னக் குழம்புச் சட்டி, அவ்வளவுதான். பாரம் என்று சொல்லக்கூடியதை மூன்று மாதம் தொடவே கூடாது. பேரப்பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது. நனைந்த போர்வையைப் பிழியக் கூடாது. கிரைண்டர் கல்லைத் தூக்கக் கூடாது. மாட்டைப் பிடித்துக் கட்டக் கூடாது.

இதை வீட்டில் நீங்கள் சொன்னால் எடுபடாது. ஆலோசனை சொல்லும் அன்று வீட்டுக்காரரை உள்ளே அழைத்துப் போங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

"ஒரு மாசம் நாங்க பாத்துக்கறோம் டாக்டர்" என்றார் இவர்.

"ஒரு மாசம் இல்லைங்க, மூணு மாசம். அவங்க நல்லாத்தான் நடப்பாங்க, சிரிப்பாங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள தையல் இருக்கு" என்றார்கள் டாக்டரம்மா.

அந்த வார்த்தையை டாக்டர் வாயிலிருந்து கேட்டதால்தான் மறுவாரமே ஒரு டிரம்மும் ஹோஸும் வாங்கி, தெருக்குழாயிலிருந்து தண்ணீர் நேராக டிரம்மில் விழும்படி செய்தார். எங்களுக்கு மாதம் பார்த்துத் தேதி வாங்கியதும் உதவியது. தை அறுவடை முடிந்து, ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குவதற்குள் எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். உங்கள் ஊரில் வேலை ஓய்கிற மாதம் எது என்று பாருங்கள். திருவிழா, கல்யாணம், மகள் பிரசவம் எதுவும் அந்த மூன்று மாதத்துக்குள் வரக் கூடாது.

குத்தவைக்கும் கழிப்பறைதான் வீட்டில் இருக்கிறதென்றால், ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, கமோடு சேர் என்று மருந்துக்கடையிலும் சர்ஜிகல் கடையிலும் விற்கிறது, அதை முன்னமே வாங்கி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில்

பையில் முன்பக்கம் திறக்கிற பருத்தி நைட்டி நாலு, பெரிய சானிட்டரி நாப்கின் இரண்டு பாக்கெட், பிளாஸ்க், மூடி போட்ட தம்ளர், காலில் வழுக்காத செருப்பு போதும். நகையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதுகில் ஊசி போடும்போது வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை மாதிரி வளைந்து உட்காரச் சொல்வார்கள். சின்னக் குத்துதான். கொஞ்ச நேரத்தில் கால் இரண்டும் சூடாகி, பிறகு யாருடைய காலோ போல ஆகிவிடும். பேச்சு கேட்கும், வலி தெரியாது. பயமாக இருந்தால் சொல்லுங்கள், தூக்கம் வர மருந்து தருவார்கள்.

வார்டுக்கு வந்து மரப்பு விட்டதும், "வெளிக்கிப் போகணும் போல முட்டுது" என்று நான் ஆயாம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அது மலம் இல்லை. ரத்தம் கசியாமலிருக்க உள்ளே திணித்து வைத்த துணி அழுத்துகிறது. மறுநாள் எடுத்துவிடுவார்கள், எடுக்கும் நேரம் மூச்சை நிதானமாக வெளியே விட்டால் கஷ்டம் குறைவு. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். மறுநாள் எழுந்து நடக்கச் சொன்னால் நடந்துவிடுங்கள். படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், அது நெஞ்சுக்குப் போனால் ஆபத்து. "பச்சை உடம்பு, எழுந்திருக்காதே" என்று துணைக்கு வந்தவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

மூத்திர டியூபை எனக்கு மூன்றாம் நாள் காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு தானாகப் போக வேண்டும், போனபின் பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். முதல் தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. பயத்தில் முக்கத் தொடங்கினேன். வெளியே நின்ற சிஸ்டர், "முக்காதீங்கம்மா. குழாயைத் திறந்து விடுங்க, முன்னால சாய்ஞ்சு முழங்கைய முட்டியில ஊனுங்க, சும்மா இருங்க" என்றார்கள். குழாய் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. விரலால் தள்ளாமல், விட்டுவிட்டு வராமல், ஒரே தாரையாக வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உங்களுக்கு உடனே வராவிட்டாலும் கலங்காதீர்கள். சிலருக்கு உள்ளே வீக்கம் இருக்கும், இன்னும் சில நாள் டியூப் வைத்து அனுப்புவார்கள், சரியாகிவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

எழும்போது நேராக நிமிராதீர்கள். ஒருக்களித்து, கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். பாயில் படுக்கிற பழக்கம் இருந்தாலும் இந்த மூன்று மாதம் கட்டில்தான்.

முதல் தடவை மலம் போகும் நாளைப் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். முக்கவே கூடாது. டாக்டர் கொடுத்த மலமிளக்கி சிரப்பை "நமக்குத்தான் சிக்கல் இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் சின்ன மணையை வைத்து முட்டியை உயர்த்துங்கள். ஒரு சுத்தமான நாப்கினைக் கையில் வைத்து, தையல் போட்ட இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் மெதுவாகத் தாங்கிப் பிடியுங்கள். தும்மல், இருமல் வந்தாலும் அப்படியே. என் அக்கா சொன்ன பத்தியத்தில் கீரை கூடாது, பழம் கூடாது, தண்ணீர் குடித்தால் புண்ணில் நீர் கோத்துக்கும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதன்படி சாப்பிட்டால் நாலாம் நாள் மலம் கல்லாகிவிடும். கீரை, வாழைத்தண்டு, பயறு, கொய்யா, பப்பாளி எல்லாம் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு என்று டாக்டர் தடை சொல்லாதவர்கள் தண்ணீரை நன்றாகக் குடிக்கலாம்.

நாலு, ஆறு வாரம் வரை பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கசியும். பத்தாம் நாள் வாக்கில் சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படும். கரைகிற நூல் துண்டு துண்டாக நாப்கினில் விழும். நான் தையல் பிரிந்துவிட்டது என்று நினைத்து ராத்திரி பதினொரு மணிக்கு மகனை எழுப்பினேன். நூல் விழுவது இயல்பு. உள்ளே துணி வைக்காதீர்கள், எண்ணெய், மஞ்சள், மூலிகைக் கஷாயம் எதையும் உள்ளே விடாதீர்கள். வெளியே வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும்.

என் தப்பையும் சொல்கிறேன். இருபத்துநாலாம் நாள். உடம்பு லேசாக இருந்தது. என்னைப் பார்க்க ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள், இவர் கடைக்குப் போயிருந்தார், குழாயில் தண்ணீர் நிற்கப்போகிற நேரம், ஹோஸ் கழன்று கிடந்தது. ஒரே ஒரு குடம். தூக்கும்போது வலிக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து நாப்கின் நனைந்து சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் பின்சுவரில் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. நல்லவேளை, திரும்பத் தைக்க வேண்டியிருக்கவில்லை. மருந்தும் இரண்டு வாரப் படுக்கையும். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். உள்ளே இருக்கிற காயம் அந்த நேரத்தில் சொல்லாது. வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நாம் நடமாடாமல் இருப்பது மரியாதைக்குறைவு என்ற எண்ணம்தான் என்னைத் தூக்க வைத்தது. பார்க்க வருகிறவர்களிடமே "அந்தக் குடத்தைக் கொஞ்சம் எடுத்து வையேன்" என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நடை மட்டும் தாராளமாக. முதல் வாரம் வீட்டுக்குள், பிறகு தெருமுனை வரை, ஆறாவது வாரத்தில் நான் அரை மணி நேரம் நடந்தேன். இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து மேடுபள்ளத்தில் போவதை ஆறு வார செக்கப் வரை தள்ளிப்போடுங்கள். அந்த செக்கப்பைத் தவறவிடாதீர்கள். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, டாக்டரிடம் காட்டி, ஃபைலில் வையுங்கள். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் அதை வாங்காமலே விட்டிருந்தார்கள்.

கணவன் மனைவி சேர்வதும் ஆறு வாரத்துக்குப் பிறகு, உள்ளே ஆறிவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பின்தான். வறட்சியாக, இறுக்கமாக இருந்தால் களிம்பு இருக்கிறது, கேளுங்கள். இந்தக் கேள்வியை அறுபது வயதில் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. சிலருக்கு முதல் மாதத்தில் காரணமில்லாமல் அழுகை வரும், "பொம்பளைத்தனமே போயிடுச்சு" என்ற நினைப்பு வரும். எனக்கும் வந்தது. மனசு விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும். அது நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் சரி என்றதும் அடித்தசைப் பயிற்சியைத் தொடங்குங்கள். அமெரிக்காவில் கெகல் என்ற டாக்டர் 1948இல் எழுதிய முறை, அவர் பெயரிலேயே வழங்குகிறது. நாலு பேர் நடுவே காற்றுப் பிரியாமல் அடக்குவோம் இல்லையா, அந்தச் சதையை உள்ளே, மேலே இழுத்துப் பிடியுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. முதலில் மூன்று எண்ணும்வரை, போகப்போகப் பத்து எண்ணும்வரை. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூத்திரம் போய்க்கொண்டிருக்கும்போது செய்யாதீர்கள். நான் அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் நேரத்தில் செய்வேன். இருமல் வருகிறது என்று தெரிந்தால் முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு இருமுங்கள்.

இவை வந்தால் செக்கப் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்: காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல்; ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற ரத்தப்போக்கு, கட்டிகட்டியாக ரத்தம்; நாற்றத்தோடு கசிவு; மூத்திரம் கட்டிக்கொள்வது, எரிச்சல், அல்லது ஓயாமல் தானாகக் கசிந்துகொண்டே இருப்பது; அடங்காத வயிற்று வலியும் வாந்தியும்; ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. திடீரென்று மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108.

இந்த ஆபரேஷன் செய்தாலும் சிலருக்குப் பிறகு திரும்ப இறங்கலாம். அதனால் இப்போதும் நான் குடத்தைப் பாதிதான் நிரப்புவேன், கீழே இருந்து எடுக்கும்போது மடக்கிய முட்டியிலிருந்து எழுவேன், இருமல் தொடங்கினால் அன்றே இன்ஹேலர். சத்துமாவு மூட்டையைப் பிரித்து, சின்னச் சின்னப் பைகளாக்கித்தான் உள்ளே கொண்டுபோகிறோம். அந்த முறையைப் புதிதாக வந்த உதவியாளருக்கும் சொல்லிவிட்டேன்; அவளுக்கு 32 வயது, இரண்டு பிள்ளை.

வருகிற புதன்கிழமை கீழத்தெருவில் ஒரு தங்கச்சிக்குத் தேதி. நேற்று சாயங்காலம் பார்க்கப் போனேன். கமோடு சேர் திண்ணையில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் அறுபது அடி ஹோஸ் வாங்கிவந்து, தெருக்குழாயிலிருந்து அடுப்படி டிரம் வரை இழுத்து, கழன்றுவிடாமல் கம்பி வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். "அத்தாச்சி, இது மூணு மாசம் தாங்குமான்னு பாருங்க" என்றார். நான் ஹோஸை இழுத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு சுற்றுக் கம்பி போடச் சொன்னேன்.